சவ்வாது மலையிலிருந்து வியாழனின் நிலவுக்கு: உயிரின் தோற்றமும் புவிக்கு அப்பாலான உயிர்த்தேடலும்

ஆய்வுச் சுருக்கம்

உயிர் எவ்வாறு தோன்றியது, புவிக்கு அப்பால் அது உண்டா என்னும் இரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சார்ந்த சந்தவாசலையும், அதற்கு மேற்கே எழும் சவ்வாது மலையையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாக்களை விளக்குகிறது. பட்டிழையின் வேதிக்கூறுகள் ஆய்வகத்திலும் விண்கல்லிலும் உயிரின்றியே உருவாவது முதற்பகுதியில் விளக்கப்படுகிறது. 1972-இல் சவ்வாது மலையின் காவலூர் வானாய்வகம் கனிமீடு என்னும் நிலவைப் பற்றிச் செய்த ஆய்வின் முடிவும், அது பின்னர் திருத்தப்பட்ட வரலாறும் இரண்டாம் பகுதியில் ஆராயப்படுகின்றன. ஒரு வேதிப்பொருளைக் கண்டறிவதற்கும் உயிரைக் கண்டறிவதற்கும் இடையிலுள்ள தொலைவை உணர்த்துவது கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: உயிரின் தோற்றம், வேதிப்படிமலர்ச்சி, அமினோ அமிலம், விண்மீன் மறைப்பு, காவலூர், கனிமீடு, உயிர்க்குறி.

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில், வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் சந்தவாசல். படவேடு செல்வோர் இவ்வூரில் சாலையை விட்டு மேற்கே திரும்புவர். அத்திசையில் சவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. கிழக்கே புவிசார் குறியீடு பெற்ற பட்டுக்குப் பெயர்போன ஆரணி உள்ளது. சந்தவாசல் இவ்வாறு தறிக்கும் மலைக்கும் இடையில் அமைந்த ஊராகும்.

இவ்வூரின் இருபுறமும் உள்ள இரண்டு செய்திகள் உயிரின் தோற்றம் பற்றிய ஆய்வோடு நேரடித் தொடர்புடையவை. தறியில் ஓடும் பட்டிழை ஒரு புரதம். அதன் பெரும்பகுதி இரண்டே எளிய அமினோ அமிலங்களால் ஆனது. அவ்விரண்டும் உயிரியலைத் தாண்டியும் கிடைக்கின்றன. மலையின் மேற்குப் பகுதியில், ஆலங்காயத்தை அடுத்துள்ள காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாய்வகம் இயங்கிவருகிறது. சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய நிலவான கனிமீடைப் பற்றி 1972-இல் உலக அறிவியலுக்கு ஒரு முக்கிய முடிவை அளித்த இடம் அது. அந்நிலவின் பனிக்கு அடியில் கடல் இருப்பதாக இன்று அறிவியலாளர் கருதுகின்றனர். அதனைச் சுற்றிவர ஒரு விண்கலமும் பயணத்தில் உள்ளது.

உயிர் என்பதன் வரையறை

தேடுபொருள் எதுவெனத் தெரியாமல் தேட இயலாது. தமிழ் மரபில் உயிர்ப்பாகுபாட்டிற்குத் தொன்மையான சான்று தொல்காப்பிய மரபியல். அது உயிர்களைப் புலனறிவின் அடிப்படையில் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகைப்படுத்துகிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வுடைய உயிர்கள் என்பது அதன் கொள்கை. உணர்தலே உயிரின் அடையாளம் என்னும் நோக்கு இதில் அமைந்துள்ளது.

இன்றைய உயிர்வேதியியலின் நோக்கு வேறு. தன்னைத்தானே பேணிக்கொள்வதும், தன்னைப் படியெடுப்பதும், அப்படிகளில் நேரும் சிறு மாற்றங்கள் இயற்கைத் தேர்வுக்கு உட்பட்டுப் படிமலர்ச்சி அடைவதும் உயிரின் இயல்புகளாகக் கொள்ளப்படுகின்றன. 1990-களில் நாசா தன் ஆய்வுகளுக்கென ஏற்றுக்கொண்ட வரையறையும் இத்தகையதே. இவ்வரையறையில் கண்ணோ செவியோ இடம்பெறவில்லை. தகவலும் வேதிவினையும் இடம்பெறுகின்றன. தொலைநோக்கியில் தெரியும் ஓர் ஒளிப்புள்ளியிலோ, விண்கலம் அள்ளும் ஒரு பிடி மண்ணிலோ உணர்வை அளக்க வழியில்லை. வேதிச்சுவட்டை அளக்க வழியுண்டு. ஆகவே உயிர்த்தேடல் நடைமுறையில் வேதியியல் தேடலாகவே தொடங்குகிறது. அதன் வலிமையும் வரம்பும் இதில் அடங்கியுள்ளன.

பட்டிழையின் வேதியியல்

பட்டுப்புழு கூடு கட்டச் சுரக்கும் இழை இரு புரதங்களால் ஆனது. உள்ளிழை ஃபைப்ராயின், அதனைச் சூழ்ந்து ஒட்டும் பசை செரிசின். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு எடுக்கும்போது செரிசின் நீங்குகிறது. மென்மையும் பளபளப்பும் உடைய ஃபைப்ராயின் எஞ்சுகிறது. சாயம் ஏற்றித் தறிக்கு வருவது இதுவே.

ஃபைப்ராயினின் கட்டமைப்பு வியக்கத்தக்க எளிமையுடையது. அதன் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு கிளைசின். 30 விழுக்காடு அலனைன். 12 விழுக்காடு செரின். உயிரினங்களின் புரதங்கள் பொதுவாக இருபது வகை அமினோ அமிலங்களைப் பயன்படுத்துகின்றன. பட்டிழையின் நான்கில் மூன்று பங்கோ அவற்றுள் மிகச் சிறிய இரண்டினால் நிறைந்துள்ளது. சிறிய மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்படுவதால் இழைக்கு உறுதி கிடைக்கிறது.

கிளைசினும் அலனைனும் அளவிற் சிறியவை ஆதலால் உருவாவதும் எளிது. உயிரற்ற சூழலில் அமினோ அமிலங்கள் உண்டாகும்போது இவை பெரும்பாலும் முன்னிற்கின்றன. இந்த உண்மை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்டது.

மில்லர் முதல் மர்ச்சிசன் வரை

உயிரற்ற பொருளிலிருந்து படிப்படியான வேதிமாற்றங்களால் உயிர் தோன்றியிருக்கலாம் என்னும் கருதுகோளைச் சோவியத் உயிர்வேதியியலாளர் அலெக்சாந்தர் ஓப்பாரின் 1924-இலும், பிரித்தானிய உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1929-இலும் தனித்தனியே முன்வைத்தனர். ஆக்சிசன் அற்ற தொடக்ககாலப் புவியில், கதிரொளியின் ஆற்றலால் கரிமச் சேர்மங்கள் உருவாகிக் கடல்நீரில் செறிந்திருக்கும் என்பது ஹால்டேனின் கருத்து. இவர் 1957-இல் இந்தியாவிற்குக் குடிபெயர்ந்து, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

இக்கருதுகோளைச் சோதித்தவர் ஸ்டான்லி மில்லர். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு யூரியின் மாணவராக இருந்த அவர், மீத்தேன், அமோனியா, ஹைட்ரசன், நீராவி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறியைச் செலுத்தினார். சில நாள்களில் நீர் நிறம் மாறியது. 1953-இல் வெளியான அவ்வாய்வின் முடிவில் ஐயமின்றி இனங்காணப்பட்டவற்றுள் கிளைசினும் அலனைனும் அடங்கும். பட்டிழையின் முதன்மைக் கூறுகள் புழுவும் முசுக்கட்டை இலையும் இன்றி ஒரு கண்ணாடிக் கலத்தில் உருவாயின.

தொடக்ககாலப் புவியின் வளிமண்டலத்தில் கார்பன் டைஆக்சைடும் நைட்ரசனுமே மிகுந்திருக்கக்கூடும் என்றும், அத்தகைய கலவையில் விளைச்சல் மிகக் குறைவு என்றும் பின்னர் மறுப்புகள் எழுந்தன. எனவே கரிமச் சேர்மங்களுக்கு வேறு மூலங்களும் தேடப்பட்டன. அவற்றுள் ஒன்று விண்கல்.

இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கவர் சிரில் பொன்னம்பெரும. 1923-இல் இலங்கையின் காலியில் பிறந்த இவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948-இல் மெய்யியலில் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் ஜே.டி. பெர்னாலிடம் வேதியியல் பயின்றார். கலிபோர்னியாவின் பெர்க்லியில் மெல்வின் கால்வினின் வழிகாட்டலில் 1962-இல் முனைவர் பட்டம் பெற்றார். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் வேதிப்படிமலர்ச்சிப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். உயிரணுக்களின் ஆற்றல் நாணயமாகக் கருதப்படும் ஏடிபி மூலக்கூறு தொடக்ககாலப் புவியின் சூழலில் உருவாகக்கூடும் என்பதை 1963-இல் கார்ல் சேகன், ரூத் மரைனர் ஆகியோருடன் இணைந்து காட்டினார்.

1969 செப்டம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மர்ச்சிசன் என்னும் ஊரருகே கார்பன் மிகுந்த விண்கல் ஒன்று விழுந்தது. அதன் துண்டுகளைப் பொன்னம்பெருமவின் குழுவினர் ஆராய்ந்து 1970 டிசம்பரில் முடிவுகளை வெளியிட்டனர். கிளைசின், அலனைன் உள்ளிட்ட அமினோ அமிலங்கள் அதில் இருந்தன. விண்கற்களில் அமினோ அமிலம் இருப்பதாக முன்னரும் கூறப்பட்டதுண்டு. ஆனால் மனித விரல் பட்டாலே வியர்வையின் அமினோ அமிலங்கள் கல்லில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அக்கூற்றுகள் ஐயத்திற்கு உள்ளாயின. மர்ச்சிசன் ஆய்வு அந்த ஐயத்தை இருவகையில் எதிர்கொண்டது.

முதலாவது, கைவடிவச் சான்று. அலனைன் போன்ற மூலக்கூறுகள் இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இரு வடிவங்களில் அமையும். புவியின் உயிரினங்கள் தம் புரதங்களில் இடக்கை வடிவத்தை மட்டுமே பயன்படுத்துகின்றன; ஆரணிப் பட்டின் அலனைனும் இடக்கை வடிவமே. மர்ச்சிசன் கல்லில் இரு வடிவங்களும் ஏறத்தாழச் சமஅளவில் இருந்தன. இரண்டாவது, புவியின் புரதங்களில் காணப்படாத அமினோ அமிலங்களும் அக்கல்லில் இருந்தன. ஆகவே அவை விரலிலிருந்து வந்தவையாக இருக்க முடியாது. விண்வெளியில் உயிரின்றி உருவானவை.

பென்னு என்னும் சிறுகோளிலிருந்து நாசா 2023 செப்டம்பரில் புவிக்குக் கொணர்ந்த மண்ணிலும் இதே நிலை காணப்பட்டது. உயிரினங்கள் பயன்படுத்தும் இருபது அமினோ அமிலங்களுள் பதினான்கும், மரபுப் பொருளின் ஐந்து காரங்களும் அதில் உள்ளதாக 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டது. உயிரின் மூலப்பொருள்கள் விண்வெளியில் அரியவை அல்ல என்பது இதனால் உறுதிப்படுகிறது.

இழையிலிருந்து துணிக்கு

மூலப்பொருள் இருப்பதனாலேயே உயிர் தோன்றிவிடுவதில்லை. நூல் குவிந்து கிடப்பதனால் சேலை ஆகிவிடுவதில்லை என்பதை நெசவு வட்டாரத்தினர் எவரும் அறிவர். பாவு ஓட்ட வேண்டும். ஊடை செலுத்த வேண்டும். எந்தப் பாவிழை எப்போது உயர வேண்டும் என்பதை ஜக்கார்டு பெட்டியில் ஏறும் துளையிட்ட அட்டைகள் தீர்மானிக்க வேண்டும். கரையின் அழகு நூலில் இல்லை, அட்டையின் துளைவரிசையில் உள்ளது.

உயிரணுவில் அட்டையின் பணியை ஆற்றுவது டி.என்.ஏ.; தறியின் பணியை ஆற்றுபவை புரதங்கள். இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் தேவை. புரதத்தை உருவாக்க டி.என்.ஏ.வின் தகவல் தேவை. இரண்டில் எது முந்தியது? 1980-களின் தொடக்கத்தில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ஆகியோரின் ஆய்வுகள் இச்சிக்கலுக்கு ஒரு வழியைக் காட்டின. ஆர்.என்.ஏ. தகவலைச் சுமப்பதோடு, வேதிவினையையும் தானே ஊக்குவிக்க வல்லது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. ஆகவே தொடக்கத்தில் ஆர்.என்.ஏ.வே அட்டையாகவும் தறியாகவும் இருந்திருக்கலாம் என்னும் கருதுகோள் உருவாயிற்று. 1986-இல் வால்டர் கில்பர்ட் அதற்கு ஆர்.என்.ஏ. உலகம் என்று பெயரிட்டார்.

இக்கருதுகோளுக்கு வலுவான சான்று ரைபோசோமிலிருந்து கிடைத்தது. ஒவ்வோர் உயிரணுவிலும் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் பொறி அது. அதன் அணுநிலைக் கட்டமைப்பை வெளிக்கொணர்ந்தமைக்காக, சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகிய மூவரும் 2009-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ராமகிருஷ்ணனின் குழு, தகவல் சரியாகப் படிக்கப்படுவதை உறுதிசெய்யும் சிறிய துணையலகின் அமைப்பை விளக்கியது. ஸ்டைட்ஸின் குழு விளக்கிய பெரிய துணையலகிலோ, அமினோ அமிலங்கள் இணையும் மையத்தில் புரதம் இல்லை, ஆர்.என்.ஏ. மட்டுமே அவ்வினையை ஊக்குவிக்கிறது. புரதம் செய்யும் பொறியின் உள்ளமே ஆர்.என்.ஏ.வாக இருப்பது, புரதத்திற்கு முந்தைய ஒரு காலத்தின் எச்சமாகக் கருதப்படுகிறது.

எனினும், எளிய சேர்மங்களிலிருந்து தன்னைப் படியெடுக்கும் முதல் மூலக்கூறு எங்கே, எவ்வாறு உருவாயிற்று என்பது தீராத வினாவாகவே உள்ளது. நிலத்தின் வெந்நீர்க் குட்டைகள் நனைந்தும் உலர்ந்தும் மூலக்கூறுகளைக் கோத்திருக்கலாம் என்பர் ஒரு சாரார். 1977-இல் கலாபகஸ் தீவுகளருகே ஆழ்கடலில் கண்டறியப்பட்டவை போன்ற வெந்நீர் ஊற்றுகளே பிறப்பிடம் என்பர் மற்றொரு சாரார். புவியின் வயது 454 கோடி ஆண்டுகள். உயிரின் பரவலாக ஏற்கப்பட்ட தொன்மையான சான்றுகள் ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் பழமையானவை. இடைப்பட்ட காலத்தின் பாறைகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. புவியில் அழிந்த ஏட்டைப் பிற உலகங்களில் படிக்க முடியுமா என்னும் எதிர்பார்ப்பே உயிர்த்தேடலுக்கு உந்துதலாகிறது. ஆழ்கடல் ஊற்றுகளின் உயிர்த்திரள் கதிரொளியை நேரடி உணவாகக் கொள்வதில்லை என்னும் செய்தி, இருண்ட பனிக்கடல்களின்பால் கவனத்தைத் திருப்பியது.

காவலூர், 1972

கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக 1960-இல் பொறுப்பேற்ற எம்.கே. வைணு பாப்பு, இரவு வானை ஆராய்வதற்குத் தெளிந்த வானும் இருளும் உள்ள ஓரிடத்தைத் தேடிச் சவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்விடத்தில் 1960-களின் இறுதியில் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கியது. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனம் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது.

அவ்வாண்டு சூன் 7 அன்று ஓர் அரிய நிகழ்வு நேர்ந்தது. வியாழனின் நிலவான கனிமீடு, எஸ்.ஏ.ஓ. 186800 என்னும் விண்மீனைச் சிறிதுநேரம் மறைத்துச் சென்றது. இதனை விண்மீன் மறைப்பு என்பர். மறைக்கும் பொருளுக்கு வளிமண்டலம் இல்லையெனில் விண்மீனின் ஒளி விளக்கை அணைத்தாற்போலச் சட்டென அற்றுவிடும். வளிமண்டலம் இருப்பின் ஒளிக்கதிர் அதில் வளைந்து சிதறுவதால் ஒளி படிப்படியாக மங்கும். மங்கும் விதத்தை அளந்து வளியின் அடர்த்தியைக் கணிக்கலாம்.

இம்மறைப்பு காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பதிவுசெய்யப்பட்டது. காவலூர்ப் பணியில் ஜே.சி. பட்டாச்சார்யா பங்கேற்றார். கனிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் உண்டு என்றும், அதன் தரையழுத்தம் புவியின் வளியழுத்தத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கேனும் இருக்கும் என்றும் ஆய்வாளர் குழு 1973-இல் அறிவித்தது. அன்றைய நிலையில் இது பெருஞ்செய்தி. தொலைதூர நிலவு ஒன்றின் மேல் வளியுறை இருப்பதைத் தமிழ்நாட்டு மலையிலிருந்து அளக்க முடிந்தது. இதே மறைப்பு முறையால் 1977 மார்ச் 10 அன்று யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்டபோதும் அதனைப் பதிவுசெய்த இடங்களுள் காவலூர் ஒன்று.

திருத்தமும் மறுகண்டுபிடிப்பும்

1979-இல் வாயேஜர் 1 விண்கலம் வியாழனை அணுகியது. அதன் புற ஊதா நிறமாலைமானி, கப்பா சென்டாரி என்னும் விண்மீன் கனிமீடின் பின்னே மறைவதைக் கவனித்தது. வளியின் சுவடு எதுவும் புலப்படவில்லை. வளி இருப்பினும் அதன் அழுத்தம் 1973-இல் கூறப்பட்ட மதிப்பினும் பல்லாயிரம் மடங்கு குறைவாகவே இருக்க முடியும் என்னும் உச்சவரம்பை அது விதித்தது. புவியிலிருந்து நோக்கும்போது நிலவின் சொந்த ஒளிக்கிடையே விண்மீனின் சிற்றொளியைப் பிரித்தளத்தல் கடினம். புற ஊதா ஒளியில் அருகிலிருந்து அளப்பது பன்மடங்கு நுட்பமானது. முந்தைய மதிப்பு நிலைக்கவில்லை.

வரலாறு அங்கு முடியவில்லை. 1990-களில் ஹபிள் தொலைநோக்கி கனிமீடின் மேல் ஆக்சிசனின் மங்கலான ஒளிர்வைக் கண்டது. அதன் பழைய படிமங்களை மீளாய்வு செய்த அறிவியலாளர்கள் 2021-இல் நீராவியின் சான்றையும் அறிவித்தனர். கனிமீடுக்கு வளியுறை உண்டு. ஆனால் அது 1972 ஆய்வு கருதியதைவிட மிக மிக மெல்லியது. காவலூரின் சாதனையைக் கூறுவோர் பெரும்பாலும் 1972-உடன் நிறுத்திக்கொள்வர். முழு வரலாற்றையும் கூறுவதால் காவலூரின் பெருமை குறைவதில்லை. அளக்கக்கூடிய ஒரு மதிப்பை வெளிப்படையாக முன்வைத்தமையாலேயே அதனைச் சோதிக்க இயன்றது.

இவ்வரலாற்றில் உயிர்த்தேடலுக்குரிய ஒரு பாடமும் உள்ளது. புவியின் வளிமண்டலத்தில் ஆக்சிசன் மிகுந்திருப்பது ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களால். இதனால் ஆக்சிசன் உயிரின் அடையாளமாகப் பேசப்படுகிறது. கனிமீடின் ஆக்சிசனோ உயிரால் விளைந்ததன்று. வியாழனின் காந்தப்புலத்தில் சுழலும் மின்னூட்டத் துகள்கள் பனித்தரையில் மோதி நீர் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. அதனால் பிறக்கும் ஹைட்ரசன் எளிதில் வெளியேறிவிட, ஆக்சிசன் எஞ்சுகிறது. ஒரே பொருள் இரு உலகங்களில் இரு வேறு காரணங்களால் தோன்றுகிறது. பொருளைக் கண்டால் போதாது, அது வந்த வழியையும் காண வேண்டும்.

பனிக்கு அடியில் கடல்

கனிமீடின் விட்டம் 5,268 கிலோமீட்டர். புதன் கோளினும் பெரியது. தனக்கெனக் காந்தப்புலம் கொண்ட ஒரே நிலவு இது என்பதைக் கலிலியோ விண்கலம் 1996-இல் கண்டறிந்தது. அக்காந்தப்புலத்தால் கனிமீடின் துருவங்களையொட்டித் துருவ ஒளி தோன்றுகிறது. வியாழனின் காந்தப்புலம் மாறுந்தோறும் அவ்வொளிப்பட்டை அசைய வேண்டும். கடல் இல்லையெனில் அசைவு 6 பாகை அளவில் இருக்கும் எனக் கணிக்கப்பட்டது. ஹபிள் அளந்ததோ 2 பாகை. மின்னைக் கடத்தும் உப்புநீர்க் கடல் ஒன்று உள்ளே இருந்து அசைவைத் தணிக்கிறது என்பதே பொருத்தமான விளக்கம். 2015-இல் வெளியான இம்முடிவின்படி, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தடித்த மேலோட்டின் அடியில் 100 கிலோமீட்டர் ஆழமான கடல் இருக்கக்கூடும்.

நீர் இருப்பது உயிருக்குத் தேவையான ஒரு நிபந்தனை; போதிய நிபந்தனை அன்று. கனிமீடின் கடலடியில் உயரழுத்தப் பனிப்படலம் இருந்து, நீரைப் பாறையிலிருந்து பிரித்திருக்கலாம். நீரும் பாறையும் தொடும் இடத்தில்தான் உயிருக்கு வேண்டிய வேதியாற்றல் எளிதாகக் கிடைக்கும். இவ்வகையில் வியாழனின் யூரோப்பாவும் சனியின் என்செலடசும் கூடுதல் நம்பிக்கை அளிக்கின்றன. சுமார் 500 கிலோமீட்டரே விட்டமுடைய என்செலடசின் தென்துருவத்திலிருந்து நீர்த்தாரைகள் பீறிடுவதைக் கசினி விண்கலம் 2005-இல் கண்டது. அத்தாரையில் மூலக்கூற்று ஹைட்ரசன் உள்ளதென 2017-இலும், பாசுபேட்டு உள்ளதென 2023-இலும் அறிவிக்கப்பட்டது.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஜூஸ் விண்கலம் 2023 ஏப்ரல் 14 அன்று ஏவப்பட்டது. அது 2031 சூலையில் வியாழனை அடைந்து, 2034 டிசம்பரில் கனிமீடின் சுற்றுப்பாதையில் நுழையத் திட்டமிடப்பட்டுள்ளது. புவியின் நிலவைத் தவிர்த்த வேறொரு நிலவைச் சுற்றிவரும் முதல் விண்கலமாக அது அமையும். 2024 அக்டோபர் 14 அன்று ஏவப்பட்ட நாசாவின் யூரோப்பா கிளிப்பர் 2030 ஏப்ரலில் வியாழனை அடைய உள்ளது. இவ்விரண்டும் உயிரை நேரடியாகத் தேடுபவை அல்ல. உயிர் வாழத்தக்க சூழல் உள்ளதா என ஆராய்பவை.

உயிர்க்குறியும் பொய்க்குறியும்

உயிர்த்தேடலின் வரலாற்றில் அவசர முடிவுகள் பல. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் ஒரு சோதனை, மண்ணில் இட்ட ஊட்டக்கரைசலிலிருந்து வளி வெளிவருவதைக் காட்டியது. மற்றொரு கருவி கரிமப் பொருளை அங்குக் காட்டவில்லை. மண்ணின் வேதியியல்பே அவ்விளைவுக்குக் காரணம் என்பது பெரும்பான்மையோர் முடிபு.

இந்தியாவிலும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 2005-இல் ஐதராபாத்திலிருந்து ஏவப்பட்ட பலூன், 20 முதல் 41 கிலோமீட்டர் உயரத்தில் காற்றைச் சேகரித்தது. அதிலிருந்து மூன்று புதிய பாக்டீரியா இனங்கள் இனங்காணப்பட்டதாக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009-இல் அறிவித்தது. வானியலாளர் பிரெட் ஹாயில், ஆரியபட்டர், அந்நிறுவனம் ஆகியவற்றின் பெயர்கள் அவற்றிற்குச் சூட்டப்பட்டன. அவை புற ஊதாக் கதிரைத் தாங்கும் திறன் மிகுந்தவை. எனினும் இக்கண்டுபிடிப்பு உயிர் விண்வெளியிலிருந்து வந்ததென உறுதியாக நிறுவவில்லை என்பதை அந்நிறுவனமே தன் அறிவிப்பில் தெளிவுபடுத்தியது. அந்த அடக்கம் பின்பற்றத்தக்கது.

அண்மைய எடுத்துக்காட்டு 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி என்னும் கோள். இந்தியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றும் நிக்கு மதுசூதனின் குழு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் துணையுடன் அதன் வளிமண்டலத்தில் மீத்தேனும் கார்பன் டைஆக்சைடும் இருப்பதை 2023-இல் அறிவித்தது. 2025 ஏப்ரலில், புவியில் கடல்வாழ் நுண்ணுயிர்களால் உண்டாகும் டைமெத்தில் சல்பைடு அல்லது அதனையொத்த சேர்மம் அங்கிருக்கலாம் என்றது. அதே தரவைப் பிற குழுக்கள் ஆராய்ந்தபோது அச்சுவடு உறுதிப்படவில்லை. டைமெத்தில் சல்பைடு உயிரற்ற வழிகளிலும் உருவாகும் என்பதற்கு வால்வெள்ளியிலிருந்தும் ஆய்வகத்திலிருந்தும் சான்றுகள் உள்ளன.

இவற்றிலிருந்து மூன்று வினாக்களைத் தொகுத்துக் கூறலாம். சொல்லப்படும் பொருள் உண்மையில் அங்கு உள்ளதா? அது புவியிலிருந்து ஒட்டிச் சென்றதா? உயிரின்றி அது உருவாக வழியுண்டா? மர்ச்சிசன் ஆய்வு முதலிரு வினாக்களுக்கும் ஆம், இல்லை என விடைகண்டு, மூன்றாவதற்கு ஆம் என்றது. ஆகவே அது உயிரின் சான்றாக அமையவில்லை, உயிரின் மூலப்பொருளுக்குச் சான்றாக அமைந்தது. கனிமீடின் வளியுறை முதல் வினாவிலேயே இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருந்தது. கே2-18பி இன்னும் முதல் வினாவைக் கடக்கவில்லை.

முடிவுரை

பட்டிழையின் முதன்மைக் கூறுகளான கிளைசினும் அலனைனும் மில்லரின் கலத்திலும் மர்ச்சிசன் கல்லிலும் உயிரின்றி உருவாயின. எனவே உயிரின் மூலப்பொருள் பேரண்டத்தில் பரவலாகக் கிடைப்பது. அம்மூலப்பொருள் தகவலைச் சுமந்து தன்னைப் படியெடுக்கும் அமைப்பாக மாறியது எவ்வாறு என்பதே இன்றும் தீராத வினா. காவலூரில் 1972-இல் தொடங்கிய கனிமீடு ஆய்வு, ஒரு முடிவு அறிவிக்கப்படுதல், மறுக்கப்படுதல், திருத்தப்பட்ட வடிவில் மீளப்பெறுதல் என்னும் மூன்று நிலைகளையும் கடந்துள்ளது.

வேறோர் உலகத்தின் நீரில் நாளை அலனைன் கிடைக்குமாயின், அதன் கைவடிவம் முதலில் ஆராயப்படும். இரு வடிவங்களும் சமமாயின் அது வெறும் வேதியியலாக இருக்கக்கூடும். ஒரு வடிவம் மட்டுமே மேலோங்கி நிற்குமாயின் உயிர் பற்றிய வினாவை வலுவாக எழுப்பலாம். அந்நாளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய இடக்கை அலனைனின் மாதிரி சந்தவாசலுக்குத் தொலைவில் இல்லை. ஆரணித் தறியின் ஒவ்வோர் இழையிலும் அது உள்ளது.